காரைக்குடியிலிருந்து ஹம்ப்டா கணவாய்: சீசன் தொடக்கத்தில் பனியைக் கடக்க முழுமையான வழிகாட்டி

பனி மூடிய கணவாய்க்குத் திட்டம் போடும்போது நான் முதலில் எழுதிவைக்கச் சொல்வது, எந்தச் சூழ்நிலையில் திரும்பி வருவோம் என்பதை. பை, ஷூ, டென்ட் எல்லாம் அப்புறம். காரணம் இருக்கிறது. காரைக்குடியிலிருந்து மணாலி 3,000 கி.மீ.க்கு மேல். லீவு வாங்கி, டிக்கெட் போட்டு, மூன்று நான்கு நாள் பயணம் செய்து கணவாயின் அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்களுக்கு, "இன்று வேண்டாம், திரும்பிவிடலாம்" என்று சொல்ல வாய் வராது. மணாலிக்காரருக்கு அது சுலபம், அடுத்த வாரம் மறுபடி வருவார். நம் ஊர்க்காரர்களை ஆபத்தில் தள்ளுவது பெரும்பாலும் பையில் இருக்கும் ரிட்டர்ன் டிக்கெட்தான். அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே நோக்கத்தில் போகிறது: திரும்பி வருவது சுலபமாக இருக்கும்படி பயணத்தை அமைப்பது.

ஏன் ஹம்ப்டா?

இமாச்சலப் பிரதேசத்தில் குலு பள்ளத்தாக்கையும் லாஹௌலையும் இணைக்கும் கணவாய் இது. உயரம் ஏறத்தாழ 4,270 மீட்டர். மணாலிக்கு அருகில் ப்ரீனி வழியாக ஜோப்ரா வரை வண்டியில் போய், அங்கிருந்து சிக்கா, பாலு கா கேரா என்ற முகாம்களைத் தாண்டி, கணவாய் ஏறி, மறுபக்கம் சியாகோருவில் இறங்கி, சந்திரா நதிக்கரையில் உள்ள சத்ரூவில் முடிக்கலாம். நடை மொத்தம் 25 கி.மீ. சுமார்தான். தூரம் குறைவு என்பதால் பலர் இதை எளிது என்று நினைக்கிறார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் அது ஓரளவு உண்மை. ஜூன் தொடக்கத்தில் அதே பாதையில் பாலு கா கேராவுக்கு மேலே பெரும்பகுதி பனிதான். கல்லும் தடமும் மூடிக் கிடக்கும், ஓடைகள் பனிக்கு அடியில் ஓடும்.

சீசன் தொடக்கத்தில் போவதற்கு நல்ல காரணங்களும் உண்டு. கூட்டம் குறைவு. வானம் தெளிவாக இருந்தால் 6,221 மீட்டர் இந்திராசனும் 6,001 மீட்டர் தேவ் திப்பாவும் முழு வெள்ளையில் தெரியும். கணவாயின் ஒரு பக்கம் புல்வெளியும் மரங்களும், மறு பக்கம் மழை அதிகம் எட்டாத வறண்ட லாஹௌல். ஒரே நாளில் இரண்டு நிலங்களைப் பார்க்கும் வாய்ப்பு மிகச் சில பாதைகளில்தான் கிடைக்கும். முதல் பனிக் கணவாய்க்கு இதை நான் பரிந்துரைப்பது இதற்காக மட்டுமல்ல. பாலு கா கேரா வரை எப்போது வேண்டுமானாலும் வந்த வழியே ஒரே நாளில் ஜோப்ராவுக்கு இறங்கிவிடலாம். திரும்பும் வழி இவ்வளவு குறுகியதாக இருப்பது பெரிய பாதுகாப்பு.

எந்தத் தேதி?

இரண்டு பக்கமும் கதவு இருக்கிறது. மே மாதத்தில் பனி அதிகம். மேற்கத்திய இடையூறுகள் என்று வானிலைத் துறை சொல்லும் காற்று அமைப்புகள் வந்தால் புதிதாகவும் பனி விழும். ஜூன் கடைசி வாரத்தில் இமாச்சலத்துக்குப் பருவமழை வந்துவிடும். மழை வந்தால் நிலச்சரிவு, சாலை அடைப்பு, ஓடைப் பெருக்கு. ஆக, ஜூன் 5 முதல் 20 வரை உள்ள நாட்கள் நமக்கு ஏற்றவை. பனியும் இருக்கும், பெரும்பாலும் கெட்டிப்பட்டுப் பழைய பனியாகவும் இருக்கும்.

ஆனால் காலண்டர் பனியைத் தீர்மானிப்பதில்லை. ஒரு வருடம் மார்ச்சில் நல்ல பனிப்பொழிவு இருந்தால் ஜூன் நடுவிலும் சியாகோரு வெள்ளையாக இருக்கும். அதனால் ஏப்ரலிலிருந்தே மணாலியில் உள்ள உங்கள் வழிகாட்டியிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருங்கள். ஜோப்ரா வரை வண்டி போகிறதா? கணவாயை இந்த வருடம் யாராவது கடந்துவிட்டார்களா, கடந்த குழு என்ன சொன்னது? மறுபக்கத்தில் மணாலிச் சாலை வந்து சேரும் கிராம்பூவிலிருந்து சத்ரூ வரை சாலை திறந்துவிட்டதா? மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. கணவாயைத் தாண்டி சத்ரூவில் இறங்கிய பிறகு அந்தச் சாலையில் வண்டி வராவிட்டால், களைத்த கால்களோடு கிராம்பூ வரை இன்னும் 17 கி.மீ. போல நடக்க வேண்டும்.

கிராம்பூ வரை வண்டி வந்துவிட்டால் ரோதாங் கணவாயைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கோக்சர் வந்து, 2020 அக்டோபரில் திறந்த 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை வழியாக மணாலிக்குத் திரும்பிவிடலாம்.

2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டின் சகஸ்திர தால் பாதையில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து போனவர்களும் உள்ளூர் வழிகாட்டிகளுமாக 22 பேர் கொண்ட குழு 4,000 மீட்டருக்கு மேல் பனிப்புயலில் சிக்கியது. 9 பேர் இறந்தார்கள். நம்மைப் போலவே தெற்கிலிருந்து போனவர்கள், நாம் போக நினைக்கும் அதே மாதம். மலையில் ஜூன் என்பது கோடை என்று நம்பிவிடக்கூடாது.

டிக்கெட்டும் நாள் கணக்கும்

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும். ஜூன் 1-ம் தேதி கிளம்ப நினைத்தால் ஏப்ரல் முதல் வாரத்தில் உட்கார வேண்டும். அது பள்ளி விடுமுறைக் காலம், இடம் சீக்கிரம் போய்விடும். வழக்கமான வழி: காரைக்குடியிலிருந்து சென்னை, சென்னை சென்ட்ரலிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லி, டெல்லி காஷ்மீரி கேட் பஸ் நிலையத்திலிருந்து இரவுப் பேருந்தில் மணாலி. பேருந்து மட்டும் 12 முதல் 14 மணி நேரம். விமானத்தில் போகிறவர்கள் திருச்சி அல்லது மதுரையிலிருந்து கிளம்பி டெல்லி வரை ஒரே நாளில் சேரலாம். குலு புந்தர் விமான நிலையத்தை நம்பித் திட்டம் போட வேண்டாம். சின்ன விமானங்கள், மேகம் கூடினால் ரத்து.

மணாலியில் இறங்கிய பிறகு நாட்களை இப்படிப் பிரிப்பேன். முதல் நாள் மணாலி, 2,050 மீட்டர். தூங்குவதற்கும் வாடகைப் பொருள்களைப் பார்ப்பதற்கும். இரண்டாம் நாள் சேத்தன் கிராமம், ஏறத்தாழ 2,700 மீட்டர். மூன்றாம் நாள் ஜோப்ரா போய் அங்கிருந்து சிக்கா, 3,100 மீட்டர் அளவில். நடை மிகக் குறைவு, அது நல்லதுதான். நான்காம் நாள் பாலு கா கேரா, ஏறத்தாழ 3,600. ஐந்தாம் நாளும் அங்கேயே. ஆறாம் நாள் கணவாயைக் கடந்து சியாகோரு. ஏழாம் நாள் சத்ரூ, மணாலி.

இதற்கு மேல் இரண்டு வெற்று நாட்களைச் சேருங்கள். இவற்றைச் சுற்றிப் பார்க்கும் நாட்களாகக் கணக்கில் எழுதாதீர்கள். பாலு கா கேராவில் வானிலை மோசமானால் காத்திருப்பதற்காக மட்டும்தான் அவை. ரயிலில் போனால் மொத்தம் 17 நாள் வரும், விமானம் என்றால் 12 அல்லது 13. அவ்வளவு லீவு கிடைக்காது என்றால் வெற்று நாட்களில் கை வைக்காதீர்கள். கணவாயை விட்டுவிட்டு பாலு கா கேரா வரை போய்த் திரும்பும் பயணமாக மாற்றிக்கொள்ளுங்கள். அதுவும் பனியைத் தொடும் பயணம்தான்.

சந்திரதாலை இந்தத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம். அந்த ஏரிக்குப் போகும் சாலை ஜூன் தொடக்கத்தில் திறந்திருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. 2023 ஜூலையில் திடீர்ப் பனிப்பொழிவால் அங்கே நூற்றுக்கணக்கானவர்கள் நாட்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள்.

சமதளத்தில் வாழும் உடம்பை எப்படித் தயார் செய்வது

நம் பகுதியில் மலை இல்லை என்று தயங்க வேண்டாம். நடை நமக்குப் பழக்கமானது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடக்கும் நகரத்தார் பாதயாத்திரை பல நூறு ஆண்டுகளாகத் தொடர்கிறது. அதில் நடந்த அண்ணன்மாரிடம் கேட்டால் நீண்ட நடையின் இரண்டு பாடங்களை அப்படியே சொல்வார்கள்: முதல் நாள் வேகமாக நடக்காதே, கொப்புளம் வருவதற்கு முன்பே காலைக் கவனி. அந்த இரண்டும் இமயமலையிலும் செல்லுபடியாகும். பாதயாத்திரையில் கிடைக்காதவை ஏற்றம், இறக்கம், முதுகில் சுமை. இவற்றைத்தான் தனியாகப் பழக வேண்டும்.

பிப்ரவரி கடைசியில் தொடங்கினால் 12 வாரத்துக்கு மேல் கிடைக்கும். முதல் மாதம் வாரத்துக்கு நான்கு நாள், விடியற்காலை 5 மணிக்கு, கண்மாய்க் கரையில் வேக நடையும் மெதுவான ஓட்டமும். பங்குனி வெயிலில் 8 மணிக்கு மேல் பயிற்சி செய்வதில் பலன் இல்லை, உடம்புதான் கெடும். இரண்டாம் மாதம் குன்றக்குடிப் படிகள். மலை சிறியது, அதனால் 8 கிலோ பையோடு திரும்பத் திரும்ப ஏறி இறங்குங்கள். கோயிலுக்கு வருகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாதம் வாரக் கடைசியில் பிரான்மலை. பாரி ஆண்ட பறம்பு என்று சொல்லப்படும் அந்த மலை, சிங்கம்புணரிப் பக்கம், நம் ஊரிலிருந்து காலையில் போய் மதியத்துக்குள் திரும்பக்கூடிய தூரம். கொடுங்குன்றநாதர் கோயில் இருக்கும் அடிவாரத்திலிருந்து உச்சி தர்கா வரை 12 கிலோ பையோடு நிறுத்தாமல் ஏறி, இறங்கி, அரை மணி ஓய்வுக்குப் பிறகு இன்னொரு முறை ஏற முடிந்தால் உங்கள் கால்கள் தயார்.

இறங்கும்போது கவனம் அதிகம் தேவை. முட்டி வலி ஏறும்போது வருவதில்லை. கணவாயிலிருந்து சியாகோருவுக்கு இறங்கும் சரிவில்தான் வரும். ட்ரெக்கிங் கம்பு இரண்டையும் பிரான்மலையிலேயே பழகுங்கள்.

குளிரையும் உயரத்தையும் சமதளத்தில் பழக முடியாது. மே மாதத்தில் இரண்டு நாள் கொடைக்கானல் போனால் பை, ஷூ, மழைக்கோட்டுச் சோதனைக்கு நல்லது. ஆனால் அங்கே 2,100 மீட்டர் உயரத்தில் இருந்துவிட்டு வருவதால் ஹம்ப்டா உயரத்துக்கு உடம்பு பழகிவிடாது. காட்டுப் பாதையில் நடக்க விரும்பினால் வனத்துறை அனுமதியோடு போங்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன.

எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது

காலில் போடுவதை மட்டும் ஊரிலிருந்தே வாங்கிப் பழகிக்கொண்டு போக வேண்டும். கணுக்காலை மூடும், நீர் புகாத, அடிப்பாகம் வளையாத ஷூ. சின்ன அளவு போதும் என்று கடையில் தோன்றும். தடித்த கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு, மாலை நேரத்தில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது போட்டுப் பாருங்கள். குறைந்தது 100 கி.மீ. அதில் நடந்த பிறகு ரயில் ஏறுங்கள்.

மணாலியில் வாடகைக்குக் கிடைப்பவை: ஸ்லீப்பிங் பேக், தடித்த ஜாக்கெட், கெய்ட்டர் (ஷூவுக்குள் பனி புகாமல் காலைச் சுற்றிக் கட்டும் உறை), மைக்ரோஸ்பைக் (ஷூவின் அடியில் மாட்டும் சின்ன இரும்பு முட்கள்). நம் ஊரில் வருடம் முழுக்கப் பரணில் கிடக்கப் போகும் பொருளுக்குப் பணம் செலவழிப்பதைவிட இது நல்லது. ஸ்லீப்பிங் பேக் மைனஸ் 10 டிகிரிக்குத் தாங்குவதாக இருக்க வேண்டும். வாங்கும் முன் ஜிப்பை முழுக்க இழுத்துப் பாருங்கள். கீழே விரிக்கும் பாயை லேசாக நினைக்காதீர்கள். தரையிலிருந்து ஏறும் குளிரை ஸ்லீப்பிங் பேக்கால் தடுக்க முடியாது, நம் எடையில் அடிப்பக்கம் நசுங்கிவிடும். பனிமேல் டென்ட் போடும் சாத்தியம் இருப்பதால் பாயின் ஆர் மதிப்பு, அதாவது குளிரைத் தடுக்கும் திறனின் அளவு, 4 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஃபோம் பாய் ஒன்றையும் காற்றுப் பாய் ஒன்றையும் அடுக்கிக்கொள்ளலாம்.

பருத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பனியன், ஜீன்ஸ், காட்டன் சாக்ஸ், தலையில் கட்டும் துண்டு எல்லாம் இதில் அடக்கம். நம் வெயிலுக்கு வேர்வையைப் பிடித்து வைக்கும் பருத்தி சுகம். பனியில் அதே ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சும். உள்ளே பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி, நடுவில் ஃப்ளீஸ், வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். உலர்ந்த ஒரு ஜோடி சாக்ஸையும் ஒரு செட் உள்ளாடையையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, தூங்குவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நனைந்தாலும் அதை நடக்கும்போது போடக்கூடாது.

கண்ணாடி விஷயத்தில் சமரசம் வேண்டாம். புதிய பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். பக்கவாட்டையும் மூடும், கேட்டகிரி 3 அல்லது 4 என்று குறிப்பிட்ட கூலிங் கிளாஸ் இல்லாமல் ஒரு முற்பகல் நடந்தால் போதும், அன்று இரவு கண்ணில் மணல் கொட்டிய வலி வரும், பார்வை மங்கும். குழுவுக்கு ஒரு உபரிக் கண்ணாடி கொண்டு போங்கள். சன்ஸ்கிரீனை மூக்கின் அடியிலும் காது மடலிலும் தாடையின் கீழும் தடவ வேண்டும், வெளிச்சம் கீழிருந்தும் வருகிறது.

முதுகுச் சுமை உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 60 கிலோ எடை உள்ளவருக்கு 12 கிலோ.

ஒரு சட்ட விஷயம். இந்தியாவில் அரசு அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போனோ சாட்டிலைட் மெசேஜ் கருவியோ வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்தது என்று பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஜோப்ராவைத் தாண்டினால் மொபைல் சிக்னலையும் எதிர்பார்க்காதீர்கள். அதனால் வீட்டில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: வழிகாட்டியின் பெயர், எண், ஒவ்வொரு இரவும் எங்கே தங்குவீர்கள், எந்தத் தேதி இரவுக்குள் போன் வராவிட்டால் 112-ஐ அழைக்க வேண்டும். அந்தத் தேதியில் வெற்று நாட்கள் இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பாலு கா கேராவில் நிம்மதியாகக் காத்திருக்கும்போது ஆத்தா இங்கே தூங்காமல் இருப்பார்கள்.

பையில் என்ன பலகாரம்

இதில் செட்டிநாட்டுக்காரர்களுக்கு ஒரு தனிச் சாதகம் உண்டு. மலையில் தேவைப்படுவது எடை குறைவாகவும் சக்தி அதிகமாகவும் பல நாள் கெடாமலும் இருக்கும் உணவு. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. மாவிலும் சர்க்கரையிலும் 4. நெய்யும் பாசிப்பருப்பு மாவும் சர்க்கரையும் சேர்ந்த மாவுருண்டையைவிட நல்ல மலை உணவை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. குளிரில் நெய் இறுகிக் கல்லாகிவிடும், பல் போய்விடும். அதனால் சின்ன உருண்டையாகப் பிடிக்கச் சொல்லுங்கள், நடக்கும்போது இரண்டை ஜாக்கெட்டின் உள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சீப்புச் சீடையும் தேன்குழலும் உப்புக்கும் மொறுமொறுப்புக்கும். தேன்குழல் நொறுங்கும், டப்பாவில் போடுங்கள். உயரத்தில் பசி மந்தமாகும், இனிப்பு திகட்டும். அப்போது உப்பும் காரமும்தான் உள்ளே போகும். உப்புக்கண்டம் கொண்டு போகிறவர்கள் ஊரிலேயே வறுத்து எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே தண்ணீர் அதிகம் குடிக்க வேண்டும்.

சமைப்பதில் ஒரு சிக்கல். கணவாய் உயரத்தில் தண்ணீர் 86 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், பாலு கா கேராவில் 88 அளவில். பிரஷர் குக்கர் இல்லாமல் சோறும் பருப்பும் வேகாது. கவுனி அரிசியை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். அவல், சேமியா, வறுத்த ரவை, காய்ந்த இடியாப்பம் இவை போதும். வெந்நீரில் ஊறிய அவலில் வீட்டுப் புளிக்காய்ச்சலைக் கலந்தால் ஐந்து நிமிடத்தில் புளியோதரைச் சுவை. இட்லிப்பொடியும் பருப்புப்பொடியும் ஆளுக்கு நூறு கிராம். காபிக்குச் சுக்கு காபிப்பொடி.

கேஸ் அடுப்பு என்றால் சிலிண்டரை மணாலியில் வாங்க வேண்டும். ரயிலிலும் விமானத்திலும் அனுமதி இல்லை. வெறும் பியூட்டேன் உள்ள சிலிண்டர் சுழிய டிகிரியை நெருங்கும்போதே ஆவியாக மறுக்கும். ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்ததைக் கேளுங்கள். காலையில் எரியாவிட்டால் சிலிண்டரை ஜாக்கெட்டுக்குள் சற்று நேரம் வைத்துச் சூடாக்குங்கள், நெருப்பில் காட்டாதீர்கள்.

உயரம்: முன்கூட்டியே பேச வேண்டியவை

4,270 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் அவ்வளவு குறைவாக ஆக்சிஜன் கிடைக்கும். எவ்வளவு பயிற்சி செய்தவரையும் இது தாக்கலாம். பிரான்மலையை இரண்டு முறை ஏறியவர் என்பதால் விலக்கு இல்லை. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மேலே சொன்ன நாள் கணக்கு இதை வைத்துத்தான் போட்டது. பாலு கா கேராவில் இரண்டாம் இரவை வெட்ட நினைக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

தலைவலி, குமட்டல், சாப்பாடு பிடிக்காமை, தூக்கமின்மை வந்தால் அந்த இடத்தை விட்டு மேலே போகக்கூடாது. குறையாவிட்டால் இறங்க வேண்டும். பின்வரும் இரண்டு அறிகுறிகளில் எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல், இரவாக இருந்தாலும் துணையோடு இறங்க வேண்டும். ஒன்று, குதிகாலை மறு கால் விரலில் ஒட்டி நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொன்னால் தள்ளாடுவது. மூளையில் நீர் கோக்கிறது. இரண்டு, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமலோடு நுரை வருவது. நுரையீரலில் நீர் கோக்கிறது.

உயரத்தால் வரும் நோயைத் தடுக்கக் கொடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி மருத்துவரிடம் ஊரிலேயே பேசுங்கள். தடுப்புக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு 125 மி.கி. காலையும் மாலையும், ஏற்றத்துக்கு முந்தின நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்களுக்கு: இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும், உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் சர்க்கரை பார்க்கும் கருவியும் தவறாகக் காட்டலாம். தூக்க மாத்திரையும் மதுவும் இந்த நாட்களில் கூடவே கூடாது.

பனியில் நடக்கும் நாள்

பாலு கா கேராவில் கூடுதலாகத் தங்கும் நாள் வெறும் ஓய்வு நாள் இல்லை. முகாமுக்கு அருகில், கீழே பாறையோ ஓடையோ இல்லாத சின்னப் பனிச் சரிவைத் தேர்ந்தெடுத்து, வழிகாட்டியோடு இரண்டு மணி நேரம் பழகுங்கள். ஷூவின் முனையால் பனியில் உதைத்துப் படி செய்வது, இறங்கும்போது குதிகாலை ஊன்றுவது, முன்னால் போனவர் வைத்த தடத்திலேயே கால் வைப்பது, சறுக்கினால் ஐஸ் ஆக்ஸை (பனிக் கோடாரியை) மார்போடு அணைத்து முனையைப் பனியில் குத்தி நிறுத்துவது. கடைசியில் சொன்னதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. உடம்பு பத்து இருபது முறை சறுக்கிப் பழக வேண்டும். இதில் ஆர்வம் வந்தவர்களுக்கு மணாலியில் உள்ள அடல் பிகாரி வாஜ்பாய் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் முறையான வகுப்புகள் நடத்துகிறது.

கணவாய் நாளில் அதிகாலை 3 மணிக்கு எழுந்து 4 மணிக்குக் கிளம்ப வேண்டும். இரவுக் குளிரில் பனி இறுகியிருக்கும், கால் புதையாது, ஓடைகளில் தண்ணீர் குறைவாக இருக்கும். வெயில் ஏற ஏற எல்லாம் தலைகீழாகும். காலை 7 மணிக்குக் கணுக்கால் வரை புதைந்த பனி, மதியம் முட்டி வரை உள்ளே இழுக்கும். கையில் பிடித்தால் புட்டு மாவு பதத்தில் நிற்கும் பனி நடப்பதற்குச் சரி. பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது என்றால் சரிவுகளை விட்டு விலகும் நேரம் தாண்டிவிட்டது.

பனிச்சரிவு, அதாவது பனி மொத்தமாகப் பெயர்ந்து கீழே பாய்வது, பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள இடங்களில் நடக்கும். நிற்கும் இடத்தை மட்டும் பார்க்காமல் தலைக்கு மேலே என்ன சாய்வு தொங்குகிறது என்று பாருங்கள். மேலிருந்து சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தானாக உருண்டு வருவது, காலடியில் பொத்தென்று அமுங்கும் சத்தம், பனியில் ஓடும் விரிசல், புதிதாக விழுந்த பனி ஓரடிக்கு மேல் நிற்பது: இதில் ஒன்று தெரிந்தாலும் அந்தச் சரிவில் அன்று கால் வைக்கக்கூடாது. புதுப் பனி விழுந்த பிறகு ஒன்றிரண்டு நாள் காத்திருப்பதற்குத்தான் வெற்று நாட்கள். மணாலியிலிருந்து கிளம்பும் முன் இந்திய வானிலை ஆய்வு மையத்தின் முன்னறிவிப்பையும், பாதுகாப்புத் துறையின் டிஜிஆர்இ நிறுவனம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள்.

இந்தப் பாதையில் பனிச்சரிவைவிட ஓசையில்லாத ஆபத்து பனிப்பாலம். ஓடைக்கு மேல் பனி மூடி, அடியில் தண்ணீர் அரித்துக்கொண்டே இருக்கும். மேலிருந்து பார்த்தால் உறுதியானது போலத் தோன்றும். ஓடைச் சத்தம் கேட்கிறதா, பனியின் நிறம் சாம்பலாக மாறியிருக்கிறதா, நடுவில் குழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் முன் கம்பால் குத்திப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒருவராக, இடைவெளி விட்டுக் கடக்க வேண்டும். பெரிய பாறைகளைச் சுற்றியுள்ள பனியும் அடியில் உருகிக் குழியாகியிருக்கும், இரண்டடி தள்ளியே நடங்கள்.

சியாகோருவில் ஓடையைத் தண்ணீரில் இறங்கிக் கடக்க வேண்டியிருக்கும். அதை மறுநாள் காலை நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். செருப்பு நன்றாகப் பிடிக்கும் சாண்டலாக இருக்கட்டும், வெறுங்கால் வேண்டாம். பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதறி எழுந்திருக்க முடிய வேண்டும். தண்ணீர் வரும் திசையைப் பார்த்தபடி, கம்பை ஊன்றி, பக்கவாட்டில் நகருங்கள். மறுகரை சேர்ந்ததும் காலைத் துடைத்து உலர்ந்த சாக்ஸ். பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு.

தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டியது

வீட்டிலேயே, ரயில் ஏறும் முன், குழுவில் எல்லோரும் உட்கார்ந்து திரும்பும் விதிகளை எழுதுங்கள். எங்கள் குழுவுக்கு நான் எழுதுபவை இவை. காலை 11 மணிக்குள் கணவாய் உச்சியில் இல்லாவிட்டால், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்புகிறோம். பாதி வழியில் மேகம் இறங்கி முன்னால் போகிறவர் தெரியாவிட்டால் திரும்புகிறோம். யாருக்காவது முந்தின இரவுத் தலைவலி காலையிலும் இருந்தால் அன்று யாரும் ஏறுவதில்லை. வழிகாட்டி வேண்டாம் என்றால் விவாதம் இல்லை. குழுவில் யார் வேண்டாம் என்று சொன்னாலும், காரணம் கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம்.

கடைசி விதியைத்தான் மிக முக்கியமாக நினைக்கிறேன். நம் குழுக்களில் வயதில் மூத்தவர் முன்னால் இளையவர்கள் பயத்தைச் சொல்லத் தயங்குவார்கள். "அண்ணே, எனக்குச் சரியில்லை" என்று ஒரு தம்பி சொல்வதற்கு எவ்வளவு கூச்சப்படுவான் என்று மூத்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன் சொல்லும் முன் நீங்களே ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள், முந்தின இரவு ஒரு தடவை, புறப்படும் முன் ஒரு தடவை. ரிட்டர்ன் டிக்கெட்டை ரத்து செய்ய எவ்வளவு பணம் போகும் என்பதையும் ஊரிலேயே கணக்குப் போட்டு, அதைச் செலவாகவே எடுத்து வைத்துவிடுங்கள். அப்போது மலையில் பணப் பேச்சு எழாது.

இந்தப் பாதையில் சீசன் தொடக்கத்தில் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போக வேண்டாம். பழைய ஜிபிஎஸ் தடத்தைப் போனில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் செப்டம்பரில் பதிந்த தடம் ஜூனில் பனிப்பாலத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தும். வழிகாட்டியிடம் கயிறு இருக்கிறதா, அந்த மாதத்தில் அவர் கணவாயைக் கடந்திருக்கிறாரா, முதலுதவிப் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். குறைந்த கூலி சொல்பவரைத் தேடாதீர்கள்.

சத்ரூவில் இறங்கிய பிறகு

வண்டியை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். ஜூன் தொடக்கத்தில் சத்ரூவில் காத்து நின்று வண்டி பிடிக்க முடியாது. ஓட்டுநரிடம் ஒரு தேதி சொல்லாமல் மூன்று நாள் இடைவெளி சொல்லுங்கள், காத்திருக்கும் கூலியையும் பேசிவிடுங்கள். கணவாயைக் கடக்காமல் ஜோப்ராவுக்கே திரும்பினால் அங்கே வண்டி வர என்ன ஏற்பாடு என்பதையும் அதே பேச்சில் முடித்துக்கொள்ளுங்கள். மணாலி சேர்ந்ததும் முதலில் வீட்டுக்குப் போன், அப்புறம் வாடகைப் பொருள்களை வெயிலில் உலர்த்தித் திருப்பிக் கொடுப்பது. ஷூவை ஈரத்தோடு பையில் திணித்து ரயிலில் ஏற்றினால் காரைக்குடி வருவதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே அடைத்து, டெல்லியில் ஒரு தடவை மாற்றுங்கள்.